இவர் அவரல்ல

எங்கள் ஆத்தூர்க் கடைத்தெருவில் நின்று "பழனிச்சாமி" என்று ஒரு குரல் கொடுத்தால் டீக்கடையில் மூன்று பேர் திரும்புவார்கள். வாய்க்கால் கரையில் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்திருப்பார். செம்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தவர் இறங்கியே வந்துவிடுவார். பழனி மலை இத்தனை பக்கத்தில் இருக்கும்போது பிள்ளைக்கு வேறு பெயர் தேடி யார் அலைவது? அதனால் ஊரில் யாரும் எங்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக்செட்டுப் பழனி, பல்லுப் பழனி, மிலிட்டிரி பழனி, அப்புறம் நான், தோப்புப் பழனி. இருபத்தாறு தென்னைமரத்துக்குத் தோப்பு என்று பெயர் கொடுத்த ஊரின் பெருந்தன்மையை நான் மறப்பதில்லை. இந்த ஏற்பாட்டில் ஐம்பத்தேழு வருடமாக ஒரு குழப்பமும் வந்தது கிடையாது. மிலிட்டிரி பழனிக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகூட என் வீட்டுக்கு வந்ததில்லை.

ஓட்டு வீட்டை இறக்கிவிட்டுத் தளம் போட ஆசைப்பட்டேன். அங்கே ஆரம்பித்தது வினை.

நாலு லட்சம் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. இன்னும் அங்கேதான் கணக்கு இருக்கிறது. லோன் பார்க்கிற தம்பி கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். உதட்டைப் பிதுக்கினார். "சார், உங்க சிபில் அடிபட்டிருக்கே" என்றார். யாரோ எனக்குத் தெரிந்த பையனுக்குக் காயம் என்பதுபோல நானும் பதறி, "எப்ப?" என்று கேட்டுவிட்டேன்.

"2019-ல ஒரு லோன். ரைட் ஆஃப்னு காட்டுது."

"அப்படின்னா?"

"தள்ளிட்டாங்க சார்."

தள்ளுபடி என்றால் சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்றுதான் நான் வளர்க்கப்பட்டிருக்கிறேன். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனை ஒரே அறிவிப்பில் தள்ளுபடி செய்தவரும் ஒரு பழனிசாமிதான். அவர் அப்போது முதலமைச்சர். அன்றைக்கு எங்கள் டீக்கடையில் எல்லாப் பழனிச்சாமிகளும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். இந்தத் தள்ளல் அந்தத் தள்ளுபடி இல்லையாம். இது, 'இவனிடம் இனி தேறாது' என்று கடன் கொடுத்தவன் தன் கணக்குப் புத்தகத்தில் தலைமுழுகிவிட்டு, ஆளை மட்டும் விடாமல் துரத்துவது.

சிபில் என்பது ஆதியில் ஒரு கம்பெனியின் பெயர். 2000-இல் ஆரம்பித்தார்கள். இன்று நாட்டில் இப்படிக் கடன் ஜாதகம் எழுதும் கம்பெனிகள் நான்கு. ஆனால் நகல் எடுக்கிற எல்லா மெஷினும் ஜெராக்ஸ் ஆனதுபோல, நான்கு பேருக்கும் ஊரில் சிபில் என்றே பெயர். என் ஜாதகம் நான்கில் எங்கே பிசகியது என்பதை விட்டுவிடுகிறேன். 2025-இல் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்க வேண்டும் என்று கூட்டுறவுத் துறையில் ஒரு சுற்றறிக்கை வந்து விவசாயிகள் கொதித்தார்களே, அப்போது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "யாருப்பா அந்த சிபிலு? அவன் எந்த ஊர்க்காரன், நம்மளப்பத்தி அவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். எனக்கு இப்போது அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். 2017-இலிருந்து ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கும் உரிமை. அக்கா மகன் போனில் எடுத்துக் கொடுத்தான். மார்க் 300-இலிருந்து 900 வரை. எனக்கு 540. "மாமா, பத்தாவதுல நீங்க எடுத்ததை விட ஜாஸ்திதானே?" என்று ஆறுதல் சொன்னான்.

உள்ளே பார்த்தால் ஒரே ஒரு கடன். நுகர்பொருள் கடன், பதினேழாயிரத்துச் சொச்சம். மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் எத்தனை நாள் பாக்கி என்று எண்கள்: 30, 60, 90 என்று குழந்தையின் எடை அட்டைபோலக் குறையே இல்லாமல் வளர்ந்திருந்தது. விலாசம் திருப்பூர். நான் திருப்பூருக்கு வாழ்நாளில் ஒரே தடவை போயிருக்கிறேன், அதுவும் ஒரு துக்க வீட்டுக்கு.

எப்படி என் தலையில் விழுந்தது என்று யோசித்ததில் இரண்டு குற்றவாளிகள் கிடைத்தார்கள். ஒருவர் என் ஒன்றாம் வகுப்பு ஹெட்மாஸ்டர். நான் பிறந்தது ஆடி மாதம், நல்ல காற்றடிக்கிற நாள் என்று அம்மா சொல்லும். அதற்கெல்லாம் ஹெட்மாஸ்டர் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் வயது ஐந்து ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. எல்லோருக்கும் 1.6.1968 என்று எழுதிவிட்டார். எங்கள் வகுப்பில் மட்டும் பதினோரு பேர் அன்றைக்குப் பிறந்தோம். இப்படி ஊருக்கு ஊர் ஹெட்மாஸ்டர்கள் பெற்றெடுத்த ஜூன் மாதத்துப் பிள்ளைகள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறோம். திருப்பூர்க்காரரும் அதே தேதிப் பிள்ளைதான்.

இரண்டாவது குற்றவாளி இனிஷியல். குடும்பப் பெயர் என்று ஒன்றை இழுத்துக்கொண்டு திரியாமல் ஒற்றை எழுத்தோடு நடமாடுவது நமக்குப் பெருமைதான். ஆனால் எஸ் என்ற அந்த ஒரு எழுத்துக்குள் சுப்பையா, சண்முகம், சவரிமுத்து, சையது என்று சகல அப்பாக்களும் ஷேர் ஆட்டோவில் போவதுபோல நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். என் அப்பா சுப்பையா. பான் கார்டு எடுக்கும்போது கடைசிப் பெயர் கட்டாயம் என்று சொல்லி அப்பாவை எனக்குப் பின்னால் ஒட்டிவிட்டார்கள். அதிலிருந்து கம்பெனிக் கடிதமெல்லாம் 'அன்புள்ள திரு. சுப்பையா' என்றுதான் ஆரம்பிக்கும். அப்பா போய் இருபத்திரண்டு வருடம். உயிரோடு இருந்தவரை ஒரு ரூபாய் கடன் வாங்காத மனுஷன். கைமாற்றாக வாங்கிய தீப்பெட்டியைக்கூட இரண்டு குச்சி சேர்த்துத் திருப்பிக் கொடுத்தவர்.

வங்கியில் மனு கொடுத்து பத்து நாள் ஆகியிருக்கும். என் போன் நம்பரும் அந்த ஃபைலில் ஏறிவிட்டது போலிருக்கிறது. ஒரு காலையில் கலெக்‌ஷன் தம்பி கூப்பிட்டார். கடன் வசூலுக்குக் காலை எட்டுக்கு முன்னாலும் மாலை ஏழுக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தம்பி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். சரியாக எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு அடித்தார்.

"பழனிச்சாமி சாருங்களா? வாஷிங் மெஷின் லோன் பெண்டிங் இருக்குது. எப்ப கட்டுறீங்க?"

நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அது நான் இல்ல தம்பி."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசற்படியில் வீட்டம்மா. "ஏங்க, முப்பது வருசமா நான் கல்லுல போட்டுத் துவைக்கிறேன். அந்த மெஷின் யார் வீட்டுல ஓடுது?"

கடனைக் கட்டவில்லை என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் தவணையில் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு எனக்குத் திருப்பூரில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் விசாரணை. அந்தத் துக்க வீட்டுப் பயணமும் மறுபரிசீலனைக்கு வந்தது. அன்று குழம்பில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

நேராக வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னனுபவம் உண்டு. ரேஷன் கார்டில் பழனிசாமி, பட்டாவில் பழனிச்சாமி, வாக்காளர் அட்டையில் பழநிச்சாமி என்று மூன்றாகக் கிடந்த என்னை 'மூவரும் ஒருவரே' என்று எழுதிக் கொடுத்துச் சேர்த்துவைத்தது அந்த ஆபீஸ்தான். அதனால் உரிமையோடு கேட்டேன்: "இப்ப ஒரு பேரு ரெண்டு பேருன்னு ஒரு சர்ட்டிபிகேட் வேணும் சார்."

அவர் பேனாவை மூடினார். "பல பேரை ஒரு ஆளுன்னு தரலாம். ஒரு பேரை ரெண்டு ஆளுன்னு தர்றதுக்கு ஃபார்ம் இல்லியே. அந்தத் திருப்பூர்க்காரரைக் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்திப் பார்த்து வேணா எழுதுறேன்."

அவரைக் கண்டுபிடிக்க முடிந்திருந்தால் கலெக்‌ஷன் தம்பி என்னை ஏன் கூப்பிடுகிறார்?

வெளியே வரும்போது மனதுக்குள் ஒரு புலம்பல். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கினார்கள். அசல் எது, போலி எது என்று பிரித்தறிய. அதே வருடம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பழனிச்சாமிகளுக்குத்தான் இன்னும் வரவில்லை.

கடைசியில் அக்கா மகன்தான் வழி கண்டுபிடித்தான். அறிக்கையின் தலையில் ஒரு கட்டுப்பாட்டு எண் இருக்கும். அதைக் குறிப்பிட்டு, கணக்குக்கு எதிரே 'இது என்னுடையதல்ல' என்று இணையத்திலேயே தகராறு பதியலாம். பதிந்தோம். அதன் பிறகுதான் சூட்சுமம் தெரிந்தது. அறிக்கை எழுதும் கம்பெனி தானாக ஒரு புள்ளியைக்கூட மாற்றாது. புகாரைக் கடன் கொடுத்த கம்பெனிக்கு அனுப்பி, அவர்கள் சரி என்றால்தான் திருத்தும். மருமகள் கொடுத்த புகாரை மாமியாரிடமே அனுப்பி 'விசாரித்துச் சொல்லவும்' என்று கேட்பதுபோல. மாமியார் பதினெட்டாம் நாள் பதில் எழுதினார்: பதிவேட்டைச் சரிபார்த்தோம், பதிவு சரியே.

சரிதான். அவர்கள் பதிவேட்டில் பழனிச்சாமி கட்டவில்லை. அது உண்மை. எந்தப் பழனிச்சாமி என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் ஆட்டத்தில் நான் தபாலுக்கு மாறினேன். எங்கள் தலைமுறைக்குத் தபாலில்தான் கோபம் ஒழுங்காக வரும். கடன் கொடுத்த கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு என் பான் நகல், ஆதார் நகல் வைத்து, நீங்கள் கடன் கொடுத்த ஆளின் விண்ணப்பத்தையும் ஒட்டிய போட்டோவையும் அனுப்புங்கள் என்று எழுதினேன். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்றும் சேர்த்தேன். கடன் அறிக்கைக் கம்பெனிகளும் 2022 செப்டம்பரிலிருந்து அவர் எல்லைக்குள் வந்துவிட்டார்கள் என்பதை அடிக்கோடிட்டேன். கூடவே இணையத்தில் இன்னொரு தகராறு.

இதில் இன்னொரு விஷயம் தெரிந்ததும் எனக்குப் புகார்மீது தனிப் பாசம் வந்துவிட்டது. 2024 ஏப்ரல் 26 முதல், முப்பது நாளுக்குள் புகாரைத் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் நஷ்டஈடு. கடன் கொடுத்தவர்கள் திருத்தம் அனுப்ப இருபத்தோரு நாள், மிச்சம் அறிக்கைக் கம்பெனிக்கு. நூறு நாள் வேலையில் இதைவிட அதிகக் கூலிதான், ஆனால் அங்கே வெயிலில் நிற்க வேண்டும். இங்கே திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் சோம்பேறியாக இருக்க வேண்டிக்கொண்டால் போதும். காலண்டரில் கோடு போட ஆரம்பித்தேன். ஒரு வருடம் இழுத்தால் தளம் போடக் கம்பி வாங்கிவிடலாம் என்று கணக்கும் போட்டுவிட்டேன்.

இருபத்திரண்டாம் நாள் போட்டோ வந்தது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ். கறுத்த வட்டத்துக்குள் ஒரு மீசை. டீக்கடையில் சுற்றுக்கு விட்டேன். மைக்செட்டுப் பழனி உற்றுப் பார்த்துவிட்டு, "நீதான்ணே இது, சபரிமலைக்கு மாலை போட்டிருந்தப்போ எடுத்தது" என்றான். பல்லுப் பழனி, இது செத்துப்போன தன் பெரியப்பா என்றார். கையெழுத்துதான் காப்பாற்றியது. அந்த மனிதர் தமிழில் அழகாக, முத்து முத்தாகப் போட்டிருந்தார். என் கையெழுத்து அடிபட்ட மரவட்டைபோல இருக்கும். வீட்டம்மா அதைப் பார்த்து, "இவ்வளவு நல்லா எழுதுறவரு நீங்களா இருக்க முடியாது" என்று தீர்ப்பு எழுதினாள். அன்றிலிருந்து குழம்பில் உப்பு.

இருபத்தொன்பதாம் நாள் திருத்திவிட்டார்கள். இரண்டே இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். அவர்களுக்கு எப்போது சுறுசுறுப்பு வர வேண்டும் என்று ஒரு விவஸ்தை கிடையாது.

புது அறிக்கை எடுத்தோம். திருப்பூர்க் கடன் போயிருந்தது. அதோடு 540-உம் போயிருந்தது. மார்க் இருந்த இடத்தில் மைனஸ் ஒன்று.

மைனஸ் ஒன்று என்றால் கடன் சரித்திரமே இல்லாத ஆள் என்று பொருளாம். எனக்கா? மகள் காதுகுத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகை, அடகுக்கடையில் வைத்து மீட்டு மறுபடி வைத்த சங்கிலி, தினத்தண்டல், ஏலச்சீட்டு, மச்சினனிடம் வாங்கிய கைமாற்று என்று நான் பார்க்காத கடனா? வாங்கியதெல்லாம் வட்டியோடு அடைத்தேன். அதில் ஒரு வரி அறிக்கையில் இல்லை. கடன் வாங்கிக் கட்டாதவனுக்கும் குறைந்தது முந்நூறு உண்டு. வாங்காதவனுக்கு மைனஸ் ஒன்று.

வங்கித் தம்பியிடம் போனேன். முதல்முறை கடன் கேட்பவருக்குச் சரித்திரம் இல்லை என்பதற்காகவே மறுக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிதித்துறை சொன்ன செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் மரியாதையாகப் படித்தார். "மறுக்கலை சார். யோசிக்கிறோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க எதுக்கும் சின்னதா ஏதாவது ஒண்ணு தவணையில வாங்கி ஒழுங்காக் கட்டுங்க. ஆறு மாசத்துல ஸ்கோர் வந்துரும். ஃப்ரிட்ஜு, வாஷிங் மெஷின், அந்த மாதிரி" என்றார்.

வீட்டில் சொன்னேன். வீட்டம்மா புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள். இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒன்றுக்கு அவள் இத்தனை வேகமாகக் கிளம்பிப் பார்த்ததில்லை. திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினோம். கடையில் அவள் நேராக மெஷின் பக்கம் போய் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். தவணை மேஜையில் இருந்த பையன் என் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு அடித்தான். திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"சார், ஜூன் ஒண்ணுல ஏழு பழனிச்சாமி வர்றாங்க. நீங்க இதுல யாரு?"