அரை இஞ்ச் குழாயும் முழு ஞாயிற்றுக்கிழமையும்

எங்கள் கொல்லைக் குழாய் எப்போது ஒழுக ஆரம்பித்தது என்பதில் வீட்டில் ஒத்த கருத்து கிடையாது. அம்மா கணக்குப்படி, நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம். மனைவி கணக்குப்படி, அவள் வலது காலை எடுத்து வைத்த அன்றே ஒழுகிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. பையனுக்கோ ஒழுகாத குழாய் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதே தெரியாது.

1987இல் தாம்பரம் பக்கம் அப்பா வீடு கட்டியபோது போட்ட பித்தளைக் குழாய். போர் தண்ணீரின் உப்பு படிந்து படிந்து அதன் மூக்கில் வெள்ளைத் தாடியே வளர்ந்துவிட்டது. அடியில் அம்மாவின் சேம்பு, கற்பூரவல்லி, ஒரு ரஸ்தாளி வாழை. இவை எதற்கும் யாரும் தண்ணீர் ஊற்றியதாகச் சரித்திரம் இல்லை. காலையில் ஒரு காக்கை வந்து கழுத்தைச் சாய்த்து, சொட்டைக் கீழே விழவிடாமல் வாங்கிக் குடித்துவிட்டுப் போகும்.

ஒழுகும் குழாய்க்கு எங்கள் குடும்ப வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் இறுக்கு. நான் இறுக்குவேன். ஜிம்முக்குப் போகிற பையன், அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று நிரூபிக்க அதற்கு மேல் ஒரு சுற்று இறுக்குவான். மறுநாள் சொட்டு ஒன்றுக்கு ஒன்றரையாகும்.

விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். குழாயின் உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. தலையைத் திருகினால் ஸ்பிண்டில் இறங்கும். அதன் அடியிலுள்ள வாஷர், தண்ணீர் வரும் ஓட்டையின் விளிம்பில் போய் உட்காரும். 1845இல் இங்கிலாந்தின் ராதரம் ஊரில் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளைப் பட்டறைக்காரர்கள் கொண்டுவந்த வித்தை. வாஷர் உட்கார்ந்தால் போதும். அதன் கழுத்தை நெரிக்க வேண்டியதில்லை. நெரித்தால் விளிம்பு ரப்பரில் வட்டமாகப் பள்ளம் வெட்டும், ஒழுகும், மறுபடி நெரிப்போம். அப்பா இரண்டே விரலால்தான் குழாயை மூடுவார். தேய்ந்த தோல் செருப்பைத் தூக்கிப் போடமாட்டார். கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, நடுவில் ஆணியால் ஓட்டை போட்டு வாஷர் ஆக்கிவிடுவார். செருப்பும் வாஷரும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மனிதர் அவர்தான்.

நான் கணக்கில் புலி. ஒருநாள் ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாய்க்குக் கீழே வைத்தேன். 48 நிமிடத்தில் நிரம்பியது. அதாவது ஒரு நாளைக்கு 30 லிட்டர், வருஷத்துக்குக் கிட்டத்தட்டப் பதினோராயிரம் லிட்டர். சுருக்கமாக ஒரு லாரித் தண்ணீர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலேறி வந்ததை டிவியில் பார்த்து, “என்ன காலம் வந்துடுச்சு பாருங்க” என்று அங்கலாய்த்த குடும்பம் எங்களுடையது. அப்போதும் கொல்லையில் டொக், டொக் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பிளம்பருக்குப் போன் செய்தேன். “வாஷர் மாத்த மட்டும் வந்தா கட்டுப்படியாகாது சார். ஜிஐ லைன் பூரா போயிருக்கும். மொத்தத்தையும் பிடுங்கிட்டு சிபிவிசி போட்டுடலாம்” என்றார். பல்வலி என்று போனவனிடம் தாடையைக் கழற்றலாம் என்கிற மாதிரி இருந்தது. நானே செய்துகொள்கிறேன் என்று வைத்துவிட்டேன். இந்த வாக்கியத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் நல்லது நடந்ததே இல்லை.

ஹார்ட்வேர் கடையில் கூட்டம். “அண்ணாச்சி, ஒரு வாஷர்.”

“அரையா, முக்காலா?”

“குழாய்க்கு.”

“குழாய்க்குத்தான் தம்பி கேக்கேன். அரை இஞ்சா, முக்கால் இஞ்சா? ரப்பரா, லெதரா? தனி வாஷரா, ஜம்பரோடவா?”

பின்னால் நின்ற கொத்தனார் என்னைப் பரிவோடு பார்த்தார். அண்ணாச்சி எல்லாவற்றிலும் ஒவ்வொன்று கொடுத்தார். கூடவே டெஃப்லான் டேப் ஒரு ரோல். அப்பா காலத்தில் மரையில் சணலைச் சுற்றி ஒயிட் லெட் பூசுவார்கள். கை நாலு நாளைக்கு வெள்ளையாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடிக்குப் போய் டேங்கின் கேட் வால்வை மூடினேன். அது மிக இலகுவாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. முப்பது சுற்றுக்கு மேல் சுற்றி, திருப்தியோடு கீழே இறங்கினேன். முப்பது வருஷமாக யாரும் தொடாத கேட் வால்வில் உப்பு இறுகி, திருகு தனியாகவும் உள்ளே இருக்கும் கதவு தனியாகவும் பிரிந்துபோயிருக்கும் என்பதும், நான் சுற்றியது வெறும் காற்றைத்தான் என்பதும் பிற்பாடு தெரிந்தது.

இனி முக்கியமான கட்டம். குழாயின் தலை நட்டைக் கழற்ற இரண்டு ரிஞ்சு வேண்டும். ஒன்று குழாயை அசையாமல் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. பக்கத்து வீட்டு மாமாவிடம் இருந்தது ஒன்று. “ஒண்ணே போதும் மாமா” என்று வாங்கி வந்தேன். நட்டு அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன். அசையவில்லை. சுவரில் காலை உதைத்துக்கொண்டு மொத்த பலத்தையும் கொடுத்தேன். ‘மளுக்’ என்றது. கழன்றுவிட்டது என்று ஒரு விநாடி சந்தோஷப்பட்டேன். நட்டு இருந்த இடத்தில்தான் இருந்தது. குழாய்தான் முழுசாக என் கைக்கு வந்திருந்தது. அரித்துப்போன அதன் மரை மட்டும் சுவருக்குள் எல்போவிலேயே தங்கிவிட்டது.

தண்ணீர் நெஞ்சில் அடித்தது. மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க், அப்போதுதான் மோட்டார் போட்டு நிரப்பியது. கட்டை விரலை வைத்து அடைத்தேன். விரலைச் சுற்றி விசிறியாகப் பீய்ச்சி சமையலறை ஜன்னல் வரை போனது. “ஏங்க, மழையா?” என்று உள்ளேயிருந்து குரல். பையன் உதவிக்கு ஓடி வந்தான், செல்போனோடு, படம் பிடிக்க.

அம்மா வந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு கேரட்டை எடுத்து வந்து, நுனியில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றி, ஓட்டையில் வைத்து அம்மிக் குழவியால் இரண்டு தட்டுத் தட்டினாள். நின்றுவிட்டது. “தள்ளு, தலையைத் துவட்டு” என்றாள். பைப் மரை நுனியை நோக்கிக் குறுகும், கேரட்டும் அப்படித்தான். எஞ்சினியரிங் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

வாஷருக்கு வராத பிளம்பர், சுவருக்குள் உடைந்தது என்றதும் இருபது நிமிடத்தில் வந்தார். கேரட்டைப் பார்த்து, “இது யார் சார் அடிச்சது? கரெக்டா அடிச்சிருக்காங்க” என்றார். டேங்கைக் காலி செய்தார். வெறும் ஹேக்சா பிளேடை எல்போவுக்குள் விட்டு, மாட்டியிருந்த துண்டை இரண்டு இடத்தில் அறுத்து, உளியால் உள்பக்கம் மடக்கி, இடுக்கியால் பிடுங்கினார். பல் டாக்டர் தோற்றார். எல்போ மரை பிழைத்தது. நான் ஆசையாகச் சுற்றிக் கொடுத்த டெஃப்லானை உரித்துப் போட்டு, எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். “நீங்க சுத்தினது மாட்டும்போதே பிரிஞ்சிடும் சார்.”

பழைய குழாயில் மரை போய்விட்டது, புதுசுதான். “அந்தப் பித்தளையை நான் எடுத்துக்கட்டா?” என்று கேட்டார். கொடுக்கவில்லை. வீட்டில் வைஸில் பிடித்துத் தலையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வாஷர், நடுவில் வட்டப் பள்ளத்தோடு, சட்டைப் பித்தான் மாதிரி கிடந்தது. ரப்பர் இல்லை. கறுத்துப்போன தோல். ஓரத்தில் செருப்புத் தையல் போட்ட ஓட்டை ஒன்று.

ஐந்து ரூபாய் வாஷர் வேலை, புதுக் குழாய், புது கேட் வால்வு, கூலி, டேங்கிலிருந்து வடிந்த தண்ணீர், ஒரு கேரட் எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்தைத் தாண்டியது. இப்போது குழாய் ஒழுகவில்லை. சேம்பு வாடுகிறது என்று அம்மா தினம் இரண்டு குடம் ஊற்றுகிறாள். காக்கைக்குத் தனியாக ஒரு கொட்டாங்குச்சி.

நீங்களும் குழாயைக் கழற்றப் போவதாக இருந்தால், முதலில் மாடிக்குப் போய் கேட் வால்வை மூடிவிட்டு, கீழே வந்து குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் நிற்காவிட்டால் ரிஞ்சைத் தொடாதீர்கள்.