பாட்டுக்குப் பதக்கம்

மத்திய அரசு சினிமாவுக்கு விருது கொடுக்கத் தொடங்கியது 1954-இல். படத்தில் பாட்டு என்று ஒன்று இருப்பது அதன் காதில் விழ 1967-ஆம் ஆண்டுப் படங்கள் வரவேண்டியிருந்தது. முதல் இசையமைப்பாளர் விருது 'கந்தன் கருணை'க்காகக் கே.வி.மகாதேவனுக்கு; மறு ஆண்டுப் படங்களில் முதல் பாடகி விருது பி.சுசீலாவுக்கு. 1992-ஆம் ஆண்டுக்கான தேர்வில் 'தேவர் மகன்' இளையராஜாவும் 'ரோஜா' ரகுமானும் சரிசமமாக நிற்க, குழுத் தலைவர் பாலு மகேந்திரா தம் ஓட்டைப் புதியவருக்குப் போட்டார். பாட்டுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என முன்பு ஒருமுறை நடந்த பாகப்பிரிவினை 2009 முதல் நிரந்தரமாயிற்று. 2018 விழாவில் குடியரசுத் தலைவர் கையால் வாங்கும் யோகம் 11 விருதுகளுக்கே. மற்றவை அமைச்சர் கையால். அந்தக் கோபத்தில் விருதாளர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விழாப் பக்கமே வரவில்லை.

இத்தனையிலும் எம்.எஸ்.விசுவநாதனுக்கு ஒருமுறைகூட இசையமைப்பாளர் விருது இல்லை. ஆனால் புதுச்சேரிப் பக்கம் பூரணாங்குப்பத்துத் திருவிழாவில் மைக் செட்டுக்காரர் இந்த விருதுப் பட்டியலைப் பார்த்துப் பாட்டுப் போடுவதில்லை. விடியலில் பக்திப் பாட்டு, வெயில் ஏறினால் எம்.எஸ்.வி., விளக்கு வைத்தபின் ராஜா. நடுவில் வரிசை மாறினால், நன்கொடை எழுதியவர் யாரோ கேட்டிருக்கிறார் என்று பொருள்.