சேதாரத்தில் இரண்டு சதவீதம்

அட்சய திருதியை அன்று விடிந்ததும் தி.நகர் உஸ்மான் சாலையில் கூடும் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்குப் பொருளாதாரம் தெரியாது. விலை இறங்கும்போது வாங்க யாராலும் முடியும். ஏறும் நாளில், அதுவும் வரிசையில் நின்று வாங்கத்தான் மனத்திடம் வேண்டும்.

ஆதாயத்தின் மகிழ்ச்சியைவிட இழப்பின் வலி பெரிது என்றெல்லாம் ஆராய்ந்த டேனியல் கானமனுக்கு 2002-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் கடைப் பையன் பரிசே எதிர்பார்ப்பதில்லை. வெல்வெட் தட்டில் செயினைப் பரப்பி, கையில் ஒரு கூல்டிரிங்க்ஸைக் கொடுத்து, "அக்கா, சேதாரத்துல ரெண்டு பர்சென்ட் கம்மி, இன்னிக்கு மட்டும்தான்" என்கிறான். மீதி பன்னிரண்டைப் பற்றி அந்த ஏசி குளிரில் யார் பேசுவார்கள்? மெஷினில் செய்த செயினில் தங்கம் எங்கே சேதமானது என்று கேட்பது நாகரிகமும் அல்ல. மேலே ஜிஎஸ்டி 3 சதவீதம். அது அரசுக்கு நாம் எழுதும் மொய்.

இதே அக்கா காலையில் கொத்தமல்லிக் கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் வாதாடியவர். காசின் அருமை தெரிந்தவர்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், செயின் அடகுக் கடைக்குப் போகும். அங்குள்ள தராசுக்குச் சேதாரம், செய்கூலி எல்லாம் கண்ணில் படாது. போகட்டும், லாக்கர் வாடகை மிச்சம்.

அடுத்த திருதியைக்கு வெறுங்கையோடு இருக்கலாமா? வளையலையும் அடகு வைத்து ஒரு கிராம் நாணயம் வாங்கிவிட்டார். நாணயத்துக்குச் சேதாரம் குறைவாம்.