நலம் விசாரிக்க எழுந்தருளும் பெருந்தகைகளுக்கு

உலகத்து வைத்தியமெல்லாம் நுனிநாவில் கைகட்டிச் சேவகம் புரிய, பேகோபுரத் தெருவின் இந்த ஏழைக் குடிலுக்கு நலம் விசாரிக்க எழுந்தருளும் உறவுத் திலகங்களே, அண்டை அயல் அருளாளர்களே, உங்கள் கருணையை எந்த வாயால் பாடுவேன்? இருக்கிற ஒரு வாயும் கீமோவில் புண்ணாகிக் கிடக்கிறதே!

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி ஏற்றிக்கொள்ளும் இந்த அற்ப உடலுக்கு உங்கள் தரிசனம் வாய்த்தது முன்வினைப் பயன். புற்று வந்ததும் முன்வினைப் பயன்தான் என்று முதல் நாளே, பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்தபடி திருவாய் மலர்ந்தீர்கள். பயாப்சி, ஸ்கேன் என்று டாக்டர்கள் வாரக்கணக்கில் தேடியும் அகப்படாத மூலகாரணம் அது.

அடையாற்றில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்மூடும்வரை இந்த நோயோடு மல்லுக்கு நின்றார். உங்களை ஒருமுறை பார்த்திருந்தால் அத்தனை ஆண்டும் மிச்சமாகியிருக்கும். இரண்டாவது காபிக்கும் வெற்றிலைக்கும் நடுவில் நீங்கள் முழுச் சிகிச்சையையும் முடித்துவிடுகிறீர்களே! முள்சீத்தா இலைக் கஷாயம், கோதுமைப்புல் சாறு, கோமியம். சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்தே சாகும் என்றார் ஒரு மேதை. தாளிக்கிற வாசனைக்கே குமட்டி, சோறு தங்காமல் நான் இளைத்துக் கிடப்பதைப் பார்த்து, “பாத்தீங்களா, கேக்க ஆரம்பிச்சிடுச்சு” என்று பூரித்தார்.

இன்னொருவர் மூலிகைச் செம்மல். “இங்கிலீஷ் மருந்து அத்தனையும் விஷம் தம்பி, மூலிகைக்கு மாறிடு” என்று அருளிவிட்டு இறங்கும்போது, வாசலில் பூத்திருந்த நித்தியகல்யாணி கண்ணில் பட்டது. “சுடுகாட்டுப் பூவை வீட்ல வைக்கலாமா?” என்று தம் பொற்கரத்தாலேயே வேரோடு பிடுங்கி எறிந்தார். இரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு 1960-களிலிருந்து போடுகிற வின்கிறிஸ்டின் என்னும் கீமோ மருந்து அந்தச் செடியில் எடுத்ததுதான். ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும். மூலிகையைப் பிடுங்கி மூலிகை வைத்தியம் வளர்க்கும் பேராற்றலை அகத்தியரும் பெற்றாரில்லை.

14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தால் எல்லாம் சரியாகும் என்ற அருள்வாக்கும் உண்டு. கழிப்பறை வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவனிடம் இதைச் சொல்ல எவ்வளவு பெரிய மனது வேண்டும்!

ஆனாலும் உங்கள் புலமைக்குச் சிகரம், பகவான் ரமணரைப் பற்றிய ஆராய்ச்சிதான். “அவருக்கும் கையில புத்துதான். கத்தி பட விட்டாரா? மருந்துன்னு போனாரா? உனக்கு நம்பிக்கை பத்தலடா” என்று கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. முடி கொட்டிய உடம்பைப் புல்லரிக்க வைப்பது லேசா? 1949-ல் பிப்ரவரி, மார்ச், ஆகஸ்ட், டிசம்பர் என நான்கு தடவை அவர் இடக்கையில் அறுவை நடந்தது, ரேடியம் வைத்தார்கள், சித்தம், ஆயுர்வேதம், ஹோமியோபதி என்று முறைபோட்டுப் பார்த்தார்கள், கையையே எடுத்துவிடலாம் என்றபோது அவர் மறுத்தார், 1950 ஏப்ரல் 14 வரை வந்த வைத்தியர் எவரையும் விரட்டவில்லை என்பதெல்லாம் புத்தகத்தில் அச்சான சில்லறை விவரம். இதே ஊரில் பிறந்து, ஆசிரம வாசலில் தினமும் வண்டி ஓட்டிப் போகிற உங்களுக்குப் புத்தகம் எதற்கு?

விடைபெறும் அழகைச் சொல்லாமல் விடுவது பாவம். வாசற்படியில் நின்று, அடுப்படி வரை மட்டுமே கேட்கும்படி குரலைத் தாழ்த்தி, “எங்க சித்தப்பாவும் இப்படித்தான்மா, நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு” என்று என் மனைவிக்கு நீங்கள் சொல்லும் தேறுதல் இருக்கிறதே! அன்றிரவு அவள் தூங்கவே இல்லை. அத்தனை ஆனந்தம்.

ஒரு விண்ணப்பம். ஊசி போட்ட பத்தாம் நாளை ஒட்டி வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும், காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வா, ஆட்களைக் கிட்டே சேர்க்காதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த பத்தாம் நாள் வியாழக்கிழமை வருகிறது. அன்றைக்கு அவசியம் குடும்பத்தோடு எழுந்தருள வேண்டும். பேரனுக்குச் சளி பிடித்திருந்தால் அவனை என் மடியிலேயே உட்கார வையுங்கள்.