காஞ்சிட்டா?

டிசம்பர் 11ஆம் தேதி காலையில் அம்மா ஒரு படி பச்சரிசியை ஊறப்போட்டாள். மத்தியானம் அதை வடித்து, என் எட்டு முழ வேட்டியை நடு அறையில் விரித்துப் பரப்பினாள். அச்சு முறுக்குக்கு. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் தொடங்குவது நட்சத்திரம் கட்டுகிற அன்றைக்கு அல்ல. என் வேட்டி காணாமல் போகிற அன்றைக்கு.

ஊறிய அரிசியை நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் போதும் என்று சமையல் குறிப்புகளில் போட்டிருக்கும். எழுதியவர்கள் டிசம்பரில் பாளையங்கோட்டைக்கு வந்ததில்லை. நிழல் என்று ஒன்று விழ, முதலில் வெயில் என்று ஒன்று அடிக்க வேண்டும். அன்றைக்கு வானம் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்: “காஞ்சிட்டா?”

ஒரு பிடி அள்ளிக் கையை விரித்தேன். ஒரு மணிகூட உதிரவில்லை. “காயல” என்றேன். அந்த மாதத்தில் நான் அந்தப் பதிலைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஊர் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, எங்களுக்கு வெறும் காற்றை அனுப்பிவைக்கும். எங்களுடைய மழை வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் வரும், டிசம்பர் வரை இருக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்க, திரைச்சீலை துவைக்க, மாவு திரிக்க, புதுத்துணி தைக்க என்று நாங்கள் வைத்திருக்கிற நாட்களாகப் பார்த்துத்தான் அதுவும் வரும். கிறிஸ்து பிறப்பை டிசம்பர் 25 என்று குறித்த பழைய பதிவு கி.பி. 354ஆம் ஆண்டு ரோமாபுரிப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. அங்கேயும் அது மழைக்காலம்தானாம். ஆனால் அவர்கள் யாரும் அச்சு முறுக்குக்கு அரிசி காயப்போடவில்லை.

மழை வருமா என்று பார்க்க அம்மாவுக்கு வானிலை ஆய்வு மையம் தேவையில்லை. 1826இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் கட்டிய ஆலயத்தின் ஊசிக்கோபுரம் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும். கோபுர நுனி தெளிவாகத் தெரிந்தால் துணி போடலாம். மங்கினால் எடுக்க வேண்டும். தெரியவே இல்லை என்றால் ஏற்கெனவே நனைந்துவிட்டது என்று அர்த்தம். மழை பெருத்துவிட்டால் அளவுகோல் மாறும். குறுக்குத்துறை முருகன் கோயிலில் ஆற்றுத்தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஊரே விசாரிக்கும். இதில் இந்து, கிறிஸ்தவர் வித்தியாசம் கிடையாது. எங்கள் சபை மூப்பர்களே “முருகன் முங்கிட்டாரா?” என்றுதான் கேட்பார்கள்.

2023 டிசம்பர் 17, 18இல் நடந்ததை நான் விளையாட்டாக எழுத மாட்டேன். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு வருஷத்தில் அங்கே பெய்கிறதைவிட அதிகம். தாமிரபரணி வீடுகளுக்குள் வந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜனங்கள் காயப்போட்டது மெத்தையையும் பாடப்புத்தகத்தையும் ரேஷன் கார்டையும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. நான் சொல்லிக்கொண்டிருப்பது மற்ற வருஷங்களை, அதாவது சிணுசிணுவென்று பத்து நாள் தூறி, ஆளைக் கொல்லாமல் துணியை மட்டும் கொல்லுகிற வருஷங்களை.

மறுநாளும் அரிசி காயவில்லை. மாவு மில்லுக்குக் கொண்டுபோனேன். அச்சு முறுக்கு மாவுக்குக் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் வேண்டும். மில்காரர் பாத்திரத்துக்குள் கையை விட்டார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி, இது கொஞ்சம் இல்ல. கல்லுல அப்பிரும்” என்றார். எனக்கு முன்னால் நான்கு பேர் அதே மாதிரிப் பாத்திரத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சிறு ஆறுதல்.

வீட்டுக்கு வந்தால் நடு அறை ஃபேனுக்கு அடியில் பங்காளிச் சண்டை. எங்கள் வீட்டில் ஒழுங்காகச் சுற்றுகிற ஃபேன் அது ஒன்றுதான். அதன் கீழே அம்மாவின் அரிசி. மனைவி துவைத்துப்போட்ட ஆறு மஞ்சள் திரைச்சீலைகள் நாற்காலி முதுகுகளில். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவன். மழைக்கோட்டுக்குள் பத்திரமாகக் கொண்டுவந்தும் நனைந்துபோன அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் தரையில். ஒரு பையன் நீர்ச்சுழற்சிக்கு நீல மையில் படம் போட்டிருந்தான். அந்த மை கரைந்து கடலிலிருந்து மேகத்துக்கும் மேகத்திலிருந்து அடுத்த கேள்விக்கும் ஓடியிருந்தது. முழு மதிப்பெண் போட்டேன்.

“அத்தான், அந்தப் பேப்பரக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. காத்து முழுக்க உங்களுக்குத்தானா?” என்றாள் மனைவி.

ஃபேனால் பிரயோஜனமில்லை என்று நான் அறிவியல்பூர்வமாக விளக்கினேன். ஒரு பொருளிலிருந்து ஈரம் ஆவியாகிப் போக, காற்றில் அதற்கு இடம் வேண்டும். டிசம்பரில் எங்கள் ஊர்க் காற்று, லீவு விட்ட அன்றைக்குக் கிளம்புகிற நாசரேத் பஸ். ஏற்கெனவே படிவரை ஆள். ஃபேனைப் போட்டால் ஈரம் அரிசியிலிருந்து எழுந்து திரைச்சீலையில் உட்காரும், அங்கிருந்து விடைத்தாளுக்கு மாறும், வீட்டைவிட்டு இறங்காது. விளக்கி முடித்தபோது மனைவி என் விடைத்தாள்களை அடுக்களைத் திண்டுக்கு மாற்றியிருந்தாள்.

இதற்கு நடுவே பெயிண்ட். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. இதை ஏப்ரலில் அடித்தால் அரை மணியில் காய்ந்துவிடுமே என்று வருஷாவருஷம் கேட்கிறேன். “ஏப்ரல்ல அடிச்சா டிசம்பர்ல பழசாயிரும்லா” என்பது வருஷாவருஷம் வருகிற பதில். இந்தத் தடவை முன்னறைக்கு இளம்பச்சை. பெயிண்டர் தம்பி சுவரைத் தொட்டுப் பார்த்து, “நாளைக்குக் காஞ்சிரும் சார்” என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போனான். எந்த நாளைக்கு என்று சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு யார் எங்கள் வீட்டுக்கு வந்துபோனார்கள் என்பதை அவர்களுடைய முதுகைப் பார்த்துத் தெருவே தெரிந்துகொண்டது.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும், டிசம்பர் அல்லவா. விடியற்காலையில் 22, 23 டிகிரிக்கு இறங்கும். அதற்கே எங்கள் அம்மா குரங்குக் குல்லாவுக்குள் போய்விடுவாள். நானும் காதில் மப்ளர் சுற்றிக்கொண்டுதான் பால் வாங்கப் போவேன். ஃபேன் மட்டும் அரிசிக்காக ஐந்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபேனுக்கு அடியில் குல்லாவோடு படுக்கிற குடும்பத்தை வேறெங்கும் நீங்கள் பார்க்க முடியாது.

இந்தக் குளிருக்குப் பனி பெய்யாது என்பதால் பனியை நாங்கள் மருந்துக்கடையில் வாங்குகிறோம். பெரிய பஞ்சுச் சுருள் மூன்று கேட்டபோது கடைக்காரர் பதறிப்போய், “யாருக்கு சார் அடிபட்டுச்சு?” என்றார். கிறிஸ்துமஸ் மரத்துக்கு என்றதும், புதிதாகச் சேர்ந்திருந்த பையனிடம் “சார் வீட்ல ஸ்னோ” என்று விளக்கினார். பிளாஸ்டிக் மரத்தின் கிளைகளில் பஞ்சைப் பிய்த்து வைத்தோம். இரண்டே நாளில் அது காற்றின் ஈரத்தைக் குடித்துக் கனத்து, கிளைகள் தொங்கிவிட்டன. அசல் பனியின் பாரத்தில் ஊசியிலை மரங்கள் வளைவதைப் படங்களில் பார்த்திருக்கிறேன். அச்சு அசல் அப்படியே இருந்தது. எதிர்பாராமல் கிடைத்த அழகு அந்த மாதத்தில் அது ஒன்றுதான்.

குடிலுக்குப் புல் வேண்டும் என்று மகள் தட்டில் கேழ்வரகு விதைத்தாள். ஊரில் எதுவும் காயாததால் அது மட்டும் காடு மாதிரி வளர்ந்தது. கடைசியில் ஆட்டிடையர்களுக்கு நெஞ்சுவரை புல். ஒட்டகங்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

19ஆம் தேதி, தைக்கக் கொடுத்திருந்த சட்டையை வாங்கத் திருநெல்வேலி டவுனுக்குப் போனேன். பாளையங்கோட்டையில் தையற்காரர் இல்லாமலா என்று கேட்கலாம். என் அப்பா அங்கே தைத்தார், நான் அங்கே தைக்கிறேன். சட்டை நேரத்துக்கு வராததும் பரம்பரையாக வருகிறது. 1843இல் சுலோச்சன முதலியார் தன் கைப்பணத்தில் கட்டிக்கொடுத்த பாலத்தில் போகும்போது பஸ்ஸில் எல்லோரும் ஒரே பக்கமாக எட்டிப் பார்த்தார்கள். ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. முருகன் முங்கவில்லை.

தையற்காரர் என்னைக் கண்டதும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அளவெடுக்கப் போகிறவர் மாதிரி எழுந்தார். எனக்கு அடிவயிறு கலங்கியது. போன வருஷம் “காஜா எடுக்கப் போயிருக்கு” என்றார். அதற்கு முந்தைய வருஷம் பட்டன் கட்டப் போயிருந்தது. இந்த வருஷம் புதிது: “காலருக்குப் பசை போட்டிருக்கு சார். காயவே மாட்டேங்கு.” உள்ளேயிருந்து காலரைக் கொண்டுவந்து காட்டினார். சட்டை இல்லை, காலர் மட்டும். தொட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். முதன்முறையாக அவர்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. இரண்டு பேரும் அந்தக் காலரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கேக் மாவை 22ஆம் தேதி ராத்திரி பேக்கரிக்கு எடுத்துப்போனேன். வீட்டில் மாவு அடித்து, பேக்கரி விறகு அடுப்பில் கூலிக்குச் சுட்டு வாங்குவது எங்கள் வழக்கம். டின்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். நான் ‘சயின்ஸ் சார்’ என்று எழுதி ஒட்டினேன். ராத்திரி ஒரு மணிவரை வரிசையில் நின்றவர்கள் மூன்று வகை: குடும்ப கேக் செய்முறையை யாரிடமும் சொல்லாதவர்கள், எல்லோரிடமும் சொல்கிறவர்கள், மனைவி அனுப்பியதால் வந்தவர்கள். சுடச்சுடக் கையில் வாங்கும்போது சீட்டில் இருந்த மை ஆவியில் அழிந்து ‘சார்’ மட்டும்தான் மிச்சம். பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் ஒரு சார்மேல்தான் விழ வேண்டும்.

வீட்டில் வெட்டிப் பார்த்த பிறகுதான் அது வேறொரு சாருடைய கேக் என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் உலர்திராட்சையைத் திராட்சைச் சாற்றில்தான் ஊறப்போடுவோம். இந்தச் சார் வேறு எதிலோ, தாராளமாக, வெகுநாள் ஊறப்போட்டிருந்தார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முப்பது வருஷம் மதுவிலக்குப் பேசிய அம்மா மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, “இந்த வருசம் பரவாயில்ல, நல்லா ஈரப்பதமா வந்திருக்கு” என்றாள். அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் ஈரம் பாராட்டப்பட்டது அப்போதுதான். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

23ஆம் தேதி நள்ளிரவுக்குமேல் கேரல் குழு வந்தது. வேன், டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா, கூடவே மழை. தாத்தாவின் தாடி நனைந்து கயிறாகத் திரிந்து நெஞ்சில் ஒட்டியிருந்தது. சிவப்பு அங்கியின் சாயம் ஒழுகி, ரத்தக் காயத்தோடு வந்தவர் போல நின்றார். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் பயந்து அழுததால், தாடியைக் கழற்றி எங்கள் ஃபேனுக்கு அடியில், அரிசிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். குழு மூன்று பாட்டுப் பாடி முடித்ததும் குல்லாவுக்குள்ளிருந்து அம்மாவின் குரல்: “தாத்தாவுக்குத் தாடி காஞ்சிட்டா?” டிரம் அடித்த பையன்தான் பதில் சொன்னான்: “காயல பாட்டி.”

அவர்கள் தெருவைவிட்டுப் போக இரண்டரை ஆனது. நாலரைக்குப் பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கியது. மார்கழியில் எங்கள் தெருவுக்கு வாய்த்த தூக்கம் இந்த இரண்டு மணி நேரம்தான். இரு தரப்பும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி அதை மட்டும் விட்டுக்கொடுப்பார்கள்.

24ஆம் தேதி பதினொன்று பத்துக்கு வெயில் வந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள். “அப்பா, நிழல் விழுது!” என்று கத்தினாள். தெரு மொத்தமும் படியேறி மொட்டை மாடிக்கு ஓடியது. பக்கத்து வீட்டு ஐயப்ப சாமி காலையும் மாலையும் குளிக்கிறவர். இரண்டே கறுப்பு வேட்டியை வைத்துக்கொண்டு ஒரு மாதமாக அவர் பட்ட பாட்டுக்கு என் அரிசியெல்லாம் ஒன்றுமில்லை. அவர் வேட்டியை விரித்தார். நாங்கள் ஆறு திரைச்சீலைகளையும் விரித்தோம். அம்மா குல்லாவைக் கழற்றி அதையும் காயப்போட்டாள். ஊசிக்கோபுரம் நுனிவரை பளிச்சென்று தெரிந்தது. ஒருவரும் பேசவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரவர் துணியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சரியாக நாற்பது நிமிஷம். கோபுர நுனி மங்கியது, காற்று ஒன்று சுழற்றி அடித்தது, பிறகு மழை. கிளிப் போடாத என் கவனக்குறைவால் ஒரு திரைச்சீலை எழும்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, தெருவைத் தாண்டிக் கிழக்கே போனது.

25ஆம் தேதி அதிகாலை ஆராதனைக்கு, காலர் காயாமலே வந்துசேர்ந்த புதுச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காயவைத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். முன் வரிசையில் எல்லாக் காலரிலிருந்தும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. அச்சு முறுக்கை, அரிசி மாவு ஒருவழியாகத் திரிபட்டு, புத்தாண்டுக்குத்தான் சுட்டோம்.

பாளையங்கோட்டை, கே.டி.சி. நகர் பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து கவனிக்கவும். மஞ்சள் நிறம், ஏழடி நீளம், கீழ் ஓரத்தில் இளம்பச்சைப் பெயிண்ட் கறை. உங்கள் மரத்திலோ மாடியிலோ கிடந்தால் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். முதலில் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டதா என்று மட்டும் சொல்லுங்கள், வீட்டில் கேட்பார்கள்.