மேல் போல்ட் முதலில்

மேனுவல் கார்களில் கியர் ஆயிலைப் பார்க்கப் பெரும்பாலும் டிப்ஸ்டிக் கிடையாது. கியர்பாக்ஸின் பக்கவாட்டில், எண்ணெய் ஊற்றும் மேல் போல்ட் இருக்கும்; அதைக் கழற்றினால் தெரியும் துளையின் கீழ்விளிம்புவரை எண்ணெய் நின்றால் அளவு சரி. அளவுகோல், சுண்டுவிரல்.

மாற்றுவதற்கு வண்டியைக் கொஞ்சம் ஓட்டி எண்ணெயை இளகவிட்டு, சமமாகத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவருக்கு இக்குறிப்பின் மிச்சம் தேவைப்படாமலே போகலாம்.

வீட்டு மெக்கானிக்கின் வீரம் அடுத்துத்தான் வெளிப்படும். கீழ் போல்ட்டைத் திறந்து பழைய எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, மேல் போல்ட் துருவேறி அசையாததை அப்புறம் கண்டுபிடிப்பார். உள்ளே எண்ணெய் இல்லை, ஊற்றவும் வழியில்லை. வண்டி கட்டியிழுக்கும் நிலையில். மேல் போல்ட்டை முதலில் தளர்த்துவது இதற்காகத்தான்.

கீழ் போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் மைபோல இரும்புத்தூள் ஒட்டியிருப்பது இயல்பு. பல்லே ஒட்டியிருந்தால் கியர்பாக்ஸுக்குப் பல் வைத்தியம்.

புது எண்ணெய் பல சிறிய கார்களுக்கு ஏறக்குறைய 2 லிட்டர். கையேடு ஜிஎல்-4 தரம் என்றால் ஜிஎல்-5 ஊற்றக்கூடாது. எண் பெரிது என்பதால் சரக்கும் உசத்தி என்று கடைக்காரர் சொல்லக்கூடும், ஆனால் ஜிஎல்-5இன் கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களைப் பதம்பார்க்கலாம். கியர் ஆயிலின் கந்தக வாடையும் சட்டையை விட்டு எளிதில் போகாது.