பிடிச்ச துறையைப் போடு, தம்பி

எஸ்.டி.பி.எம். முடிவு வந்துவிட்டால் புந்தோங்கில் கச்சான் விற்கிறவர் முதல் கோயில் தலைவர் வரை எல்லாரும் கல்வி ஆலோசகர்கள். "என்னா படிக்கப் போற தம்பி?" நல்ல கேள்விதான். ஆனால் புத்ராஜெயாவில் போய்க் கேட்க வேண்டியதைப் பாவம், பையனிடம் கேட்கிறார்கள்.

அவன் பல்கலைக்கழக இடத்துக்கான யூ.பி.யூ. பாரத்தில் ஆசை ஆசையாக வரிசை போடுகிறான். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல். கட்டம் காலியாக இருக்கிறதே என்று கடைசியில் ஏதோ ஒன்று. 4.00 வாங்கியவனுக்கும் அந்த ஏதோ ஒன்றுதான் வந்து சேர்கிறது. வாழ்த்துகள் என்ற வரியோடு.

ஈப்போவிலிருந்து அரை மணி நேரத்தில் கோப்பெங். அங்கே பேராக் மெட்ரிகுலேசன் கல்லூரி. அதற்குள் போனால் ஒரே வருடம். போக முடியாதவனுக்கு எஸ்.டி.பி.எம்., ஒன்றரை வருடம், மூன்று தவணை. முடித்து வரும்போது அந்த 4.00-உம் இந்த 4.00-உம் சமம். 2002-இல் இதற்குத் தகுதி முறை என்று பெயர் சூட்டினார்கள். மெட்ரிகுலேசன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்ற எல்லாருக்கும். 2019-இல் இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக்கினார்கள். விகிதத்தின் மேல் தூசு படவில்லை. செய்தது மாற்றம், மாற்றம் என்று ஓட்டு வாங்கிய அரசாங்கம். 2024-இல், எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்தால் இனம் பார்க்காமல் இடம் என்றார் பிரதமர் அன்வார். சந்தோஷம். ஒன்பதோடு நின்றவன் மட்டும் மறுபடியும் இந்தியனாகிவிடுகிறான்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் விடியாத இருட்டில் பெரட்டுக்கு நின்ற தாத்தாக்களுக்கு மண்டோர்தான் நெரை பிரித்துக் கொடுத்தார். எந்த மரம் பால் தரும், எது வற்றியது என்று அவருக்கு அத்துப்படி. வேண்டியவனுக்கு நல்ல நெரை, வேண்டாதவனுக்கு மேட்டு நெரை. அவரிடமும் ஒரு நேர்மை இருந்தது. 'உனக்குப் பிடித்த நெரை எது?' என்று பாரம் கொடுத்துக் கேலி செய்ததில்லை.

பிறகு மேல்முறையீட்டுத் திருவிழா. தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்காம். அதனால் சாரணர் சான்றிதழ், பூப்பந்துச் சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்ட கோப்போடு அம்மா ஒய்.பி. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தபோது லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பம். இப்போது தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிறார். வாசலிலேயே தனியார் கல்லூரி ஏஜெண்ட் பிடித்துக்கொள்கிறான்: "அக்கா, ஈ.பி.எஃப். பணம் இருக்குல்ல? மிச்சத்துக்கு பி.டி.பி.டி.என். கடன் வாங்கிக்கலாம்." ஆக, துறையைப் பணம் தேர்ந்தெடுத்துவிட்டது.

ஒய்.பி. வருகிறார். கோப்பை ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் அம்மாவும் பிடித்தபடி ஒரு படம். நாளைய தமிழ்ப் பத்திரிகைக்கு அது போதும். போகிற போக்கில் பையன் தோளைத் தட்டுகிறார்: "கெடச்சத படி தம்பி. ஆர்வம் தானா வரும்."

அவர் மகன் மெல்பர்னில் படிக்கிறான். பிடிக்கவில்லை என்று இரண்டு முறை துறை மாற்றிக்கொண்டானாம்.